சிக்னலில் மட்டும் சூடாகும் பழைய மாருதி 800: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் வண்டி 2005 மாடல் மாருதி 800, ஏசி உள்ளது, எம்.பி.எஃப்.ஐ என்ஜின் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் வகை). சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியிலேயே நிற்கிறது. குரோம்பேட்டை சிக்னலில் ஏசியோடு ஐந்து நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது, ஏசியை நிறுத்தினால் மெல்ல இறங்குகிறது. பத்து நாளைக்கு ஒரு முறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு) கழற்றி எடுத்துவிட்டார். பலனில்லை, மைலேஜ் மட்டும் குறைந்தது. இப்போது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா என்பது கேள்வி. அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது: இவ்வளவு செலவு செய்யும் முன், கேஸ்கெட் போயிருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அதையும், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் வழியே போகும் காற்றின் மேல் விழ வேண்டும். இரண்டாவது ரேடியேட்டர் மூடி. ஹெட் கேஸ்கெட் அதற்குப் பிறகுதான். காரணம் எளிது. 70ல் ஓடும் என்ஜின் சிக்னலில் நிற்கும் என்ஜினைவிடப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் சமாளிக்கின்றன என்றால் அவை இரண்டும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன் இழுத்தால்தான் வரும். போதாததற்கு, ஏசி போட்டால் முன்னாலிருக்கும் கண்டென்சர் (ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் பகுதி) தன் வெப்பத்தையும் ரேடியேட்டர் மேல் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகும் சிக்னலில் சூடாகிறது என்பது இன்னொரு தடயம். தண்ணீர் முழு நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் ஆறவில்லை. குறை தண்ணீர்ப் பக்கத்தைவிடக் காற்றுப் பக்கத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இது அறிகுறியிலிருந்து பிறந்த ஊகம்தான், தீர்ப்பு அல்ல. கேஸ்கெட் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்த வண்டியும் சில நாள் இப்படியே நடக்கும். தண்ணீர் குறைகிறது என்று நீங்கள் சொல்லியிருப்பதால் கேஸ்கெட்டைப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. வண்டியைத் தொட்டுப் பார்த்து, கீழே சொல்லும் சோதனைகளைச் செய்தால்தான் முடிவுக்கு வரலாம். எல்லாமே ஹெட்டைக் கழற்றாமல் செய்யக்கூடியவை, பாதியை நீங்களே செய்துவிடலாம்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். இருபது வருட வண்டியில் மீட்டரோ சென்சாரோ எர்த் வயரோ பொய் சொல்வது சாதாரணம். இரவில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் முள் சட்டென்று நகர்ந்தால் அது மின் இணைப்புக் குறை, ஏனென்றால் தண்ணீரின் சூடு அவ்வளவு வேகமாக மாறாது. சந்தேகம் தீர இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும், ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் பளபளப்பான அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மேல் ஹோஸ் என்ஜினில் சேரும் ஹவுசிங்கில் சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளக்க வேண்டும். 85 முதல் 100 டிகிரி வரை இருந்தால் என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உண்மையிலேயே ஹீட் ஆகிறது. இன்னொரு எச்சரிக்கை: மேலே இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கி, சென்சார் ஆவியில் நிற்கும்போதும் அப்படித்தான் ஆகும். முழுசாக என்ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது மட்டமும் மூடியும். காலையில், வண்டி இரவெல்லாம் நின்று முழுக்க ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். ரிசர்வ் டேங்கைப் பார்த்து ஏமாறக் கூடாது, அங்கே நிறைய இருக்கும்போதே ரேடியேட்டர் ஒரு சாண் காலியாக இருக்கலாம். சூடாகும்போது விரிந்த தண்ணீர் மூடி வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகிறது. ஆறும்போது மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து அதையே திரும்ப இழுத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ, டேங்குக்குப் போகும் மெல்லிய டியூப் வெடித்திருந்தாலோ தண்ணீர் திரும்பாது, காற்றுதான் உள்ளே போகும். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டியிருந்தால் அந்த வால்வைச் சந்தேகப்படுங்கள்.

மூடியின் பெரிய வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. குக்கரின் வெயிட் செய்யும் வேலையேதான். மூடி மேலேயே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது பார் கணக்கிலான அழுத்தம். 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப் போய், அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். ஃபேன் ஓடத் தொடங்குவதே பொதுவாக 95க்கும் 100க்கும் இடையில்தான் என்பதை நினைத்தால் எவ்வளவு குறுகிய இடைவெளி என்று புரியும். உங்கள் வண்டியின் இரண்டு குறைகளுக்கும் இது ஒரே விளக்கமாக இருக்கலாம்: சிக்னலில் காற்று போதாமல் சூடு ஏறுகிறது, தேய்ந்த மூடி முன்னதாகவே விட்டுக்கொடுக்கிறது, டேங்க் நிரம்பி வழிந்து அரை லிட்டர் போய்விடுகிறது. ரிசர்வ் டேங்கைச் சுற்றிக் காய்ந்த வெள்ளைக் கறையோ கூலன்ட் நிறத்தில் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். மூடி விலை குறைவான பொருள்தான், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். எழுதியிருக்கும் எண் மட்டும் அதேதான் இருக்க வேண்டும். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று சில கடைகளில் சொல்வார்கள். பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் (வண்டிக்குள் சூடான காற்று தர டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இப்போது ஃபேன். அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, அதன் வேகமும் குறைந்துவிடும். அந்தக் காலத்துப் பழக்கத்தில்தான் பழைய வண்டி என்றால் சிக்னலில் ஹீட் ஆகத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்கிறார்கள். 800ல் இருப்பது மின்சார ஃபேன். நின்றாலும் ஓடினாலும் முழு வேகம் வர வேண்டும், எனவே அந்தச் சமாதானம் இதற்குப் பொருந்தாது. என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசர் சேரும்போதே ஃபேன் ஓட வேண்டும். கண்டென்சருக்குத் தனி ஃபேன் இருந்தால் அதையும் பாருங்கள். ஏசியை நிறுத்திவிட்டு ஐடிலில் விட்டால் சூடு ஏறிய பிறகு தானாக ஓடி, கொஞ்சம் ஆறியதும் நிற்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும் போதாது. இங்கேதான் பெரும்பாலான மெக்கானிக்குகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு செய்தித்தாள் பக்கத்தில் பாதியைக் கிழித்து, ஃபேன் ஓடும்போது கண்டென்சருக்கு முன்னால் பிடியுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே விழுந்தால் காற்று வரவில்லை. முன்னால் பறந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது: மோட்டார் மாற்றியபோது இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சேர்த்திருப்பார்கள். இந்தத் தவறு நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது, ஏனென்றால் ஃபேன் நன்றாகச் சுற்றுவதுபோலவே தெரியும். சிக்னலில் காற்றே இழுக்காது, ஓடும்போதும் எதிர்க்காற்றாக நின்று தடுக்கும். காகிதம் மெதுவாக ஒட்டி நழுவினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது வோல்ட் குறைவாகப் போகலாம். மோட்டார் கனெக்டரைப் பிரித்து பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கனமான வயர் கொடுத்துப் பாருங்கள். அப்போது வேகம் கூடினால் குறை ரிலே, கனெக்டர், எர்த் ஆகியவற்றில் இருக்கிறது. கூடாவிட்டால் மோட்டார்தான். மல்டிமீட்டர் இருந்தால் ஃபேன் ஓடும்போதே மோட்டார் முனையில் அளக்கலாம். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கைக் கவனிக்க வேண்டும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருப்பதும் அதே கதைதான்.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள விரலளவு இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாக இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டரும் சுத்தமாக இருக்கும். நடுவில் தூசி, பூச்சி, வேப்பஞ்சருகு, லாரி பின்னால் பறந்து வந்த பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளம்போல அடைத்திருக்கும். மேல் கிளாம்பைக் கழற்றி ரேடியேட்டரை ஒரு கை அளவு பின்னால் சாய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவுவதாக இருந்தால் என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகே வைத்து அடித்தால் ஃபின்கள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூண்டும் ஓரத்துப் பஞ்சுப் பட்டையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விபத்து வேலை பார்த்த வண்டிகளில் அவை திரும்பப் போடப்படாமலேயே போயிருக்கும். அவை இல்லாவிட்டால் என்ஜின் பக்கத்துச் சூடான காற்றே ஓரம் வழியாகச் சுற்றி மறுபடி ரேடியேட்டருக்குள் வரும்.

காற்றா தண்ணீரா என்று பிரித்துக் காட்டும் ஒரு சோதனை உண்டு. சிக்னலில் நிற்பதுபோல ஐடிலில், ஏசியோடு, முள் ஏறும்போது ரேடியேட்டரின் உள்ளே வரும் ஹோஸையும் வெளியே போகும் ஹோஸையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ரப்பர் கறுப்பு, அதனால் அளவு ஓரளவு சரியாகவே வரும். வெளியே போகும் ஹோஸும் உள்ளே வருவதைப் போலவே கொதிக்கிறது, வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்று வெப்பத்தை எடுக்கவில்லை. உள்ளே வருவது கொதிக்கிறது, வெளியே போவது கை வைக்கும் அளவு இளஞ்சூடாக இருக்கிறது என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு: ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் இவற்றில் ஒன்று. பிறகு ரேடியேட்டரின் பரப்பில் ஏழெட்டு இடங்களில் அளந்து பாருங்கள். ஒரு பகுதி மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அந்த டியூப்கள் உள்ளே அடைத்திருக்கின்றன.

உள் அடைப்புக்கு நம் ஊரில் முதல் காரணம் போர் தண்ணீர். கூலன்ட் குறைந்ததும் குழாயடித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், கெட்டிலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு என்ஜினின் சூடான இடங்களிலும் ரேடியேட்டர் டியூபிலும் படிகிறது. ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகலாம், உப்பு போகாது. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் வைத்துத் தருவார்கள். அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டருக்கு அது சரிவராது, புதிது போடுவதே நல்லது. ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அலுமினியத்தின் மேல் அதை ஊற்றவே கூடாது. உங்கள் என்ஜினின் ஹெட்டே அலுமினியம்தான். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்கள் வழியாகப் பரவிய பழைய வைத்தியம். நடுவழியில் ஊர் போய்ச் சேர உதவலாம், ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள் மெல்லிய டியூப்களையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். டப்பாவில் வரும் ஸ்டாப் லீக்குக்கும் இதே கதிதான்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாமல் ஓடினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். எம்.பி.எஃப்.ஐ வண்டியில் என்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விடும். உங்கள் மைலேஜ் குறைந்தது அதனால்தான் இருக்க வேண்டும். ஆயிலிலும் பெட்ரோலும் ஈரமும் சேரும், சிலிண்டர் தேய்மானம் கூடும். புதிய தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியில் படாதபடி கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் மெல்லத் திறக்கத் தொடங்கி, 82 என்றால் ஏறத்தாழ 95ல் முழுக்க, அதாவது 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்க வேண்டும். அதன் விளிம்பில் ஆடும் சின்னப் பின் இருந்தால் அது மேல் பக்கமாக வர வேண்டும். காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

இதைப் படிக்கும் மற்ற சிலருக்கு நேர் எதிர்க் குறை இருக்கலாம்: ஊருக்குள் ஒன்றுமில்லை, பைபாஸில் வேகம் பிடித்தால் சூடு. அவர்கள் ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கீழ் ஹோஸ் என்று போக வேண்டும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் வருடக்கணக்காக ஓடிய பம்ப்பின் இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பம்ப் உடம்பிலுள்ள சின்னத் துளையில் கறை இருந்தால் சீல் போய்விட்டது. பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை இறங்கலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது. கீழ் ஹோஸ் பம்ப் இழுக்கும் பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத மலிவு ஹோஸ் போட்டிருந்தால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அது சப்பிப்போய் ஓட்டத்தையே நிறுத்திவிடும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்த்தால் தெரிந்துவிடும். அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி), பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக் போன்றவையும் வேகத்தில் சூடாக்கும், ஆனால் அவற்றில் வண்டி இழுக்காமல் போவது முதலில் தெரியும்.

குறையும் அந்த அரை லிட்டர் எங்கே போகிறது என்பதற்கு மூன்றே பதில்தான்: வெளியே ஒழுகுகிறது, மூடி வழியாக வழிகிறது, அல்லது உள்ளே சிலிண்டருக்கோ ஆயிலுக்கோ போகிறது. ரேடியேட்டர் கழுத்தில் மாட்டும் கைப் பம்ப் ஒன்று பெரிய பட்டறைகளில் இருக்கும். ஆறிய என்ஜினில் அதை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை ஏற்றி, பதினைந்து நிமிடம் விட வேண்டும். அந்தக் கைப் பம்ப்பின் அழுத்த முள் இறங்காவிட்டால் ஒழுகல் இல்லை. இறங்கினால் ஹோஸ் கிளிப், பம்ப், ஹீட்டர் கோர், ரேடியேட்டர் ஓரம் என்று தேட வேண்டும். முன் சீட்டுப் பக்கத்துக் கார்பெட் ஈரமாக இருந்தாலோ கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தாலோ ஹீட்டர் கோர். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் அப்போதுதான் கேஸ்கெட்டின் பெயரை எடுக்கலாம்.

கேஸ்கெட்டை உறுதி செய்ய நம்பத்தக்க சோதனை ஒன்று இருக்கிறது. நீல நிற திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, என்ஜின் ஓடும்போது அங்கிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். தண்ணீர் மட்டத்தை ஓரிரு அங்குலம் குறைத்துவிட்டுச் செய்ய வேண்டும், கூலன்ட் அந்த நீலத் திரவத்தில் பட்டால் சோதனை வீண். மஞ்சளானால் கேஸ்கெட்டோ ஹெட்டோ கசிகிறது என்பது ஏறக்குறைய உறுதி. நீலமாகவே இருந்தால் அவ்வளவு உறுதி சொல்ல முடியாது, சில கசிவுகள் பாரம் ஏறினால்தான் திறக்கும். அதனால் ஒரு நல்ல ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி செய்து பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: இரவெல்லாம் ஆறிய என்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கிறது என்றால் உள்ளே அழுத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது. கம்ப்ரெஷனை (ஒவ்வொரு சிலிண்டரும் பிடிக்கும் அழுத்தத்தை) அளந்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவது அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போனதன் அடையாளம். மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. சைலன்ஸரில் வெள்ளைப் புகையும், ஆயில் மூடியில் பால் நிறமும் எல்லோரும் சொல்லும் அறிகுறிகள். ஆனால் இவை இரண்டையும் மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் குறுகிய தூரம் ஓடும் வண்டியில் ஆயில் மூடியில் ஈரம் சேர்ந்து பால் நிறம் வருவது சாதாரணம், உங்கள் வண்டி இப்போது அந்த நிலையில்தான் ஓடுகிறது. டிப் ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருந்தால் அது வேறு விஷயம்.

எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் வேப்பரைசருக்கு (திரவக் கேஸை ஆவியாக்கும் பகுதி) சூடு கொடுக்க கூலன்ட் ஹோஸைத்தான் வெட்டி இணைத்திருப்பார்கள். கூடுதலாக நான்கைந்து கிளிப், அத்தனையும் ஒழுகும் இடங்கள். வேப்பரைசர் உள்ளே கிழிந்தால் கேஸ் கூலன்டுக்குள் குமிழியாக வரும், பார்ப்பதற்குக் கேஸ்கெட் போனதுபோலவே இருக்கும். எல்பிஜி சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, பைப்பில் மிச்சமிருக்கும் கேஸ் தீர்ந்த பிறகு, பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் குறை வேப்பரைசரில்.

எந்த வேலை பார்த்தாலும் திரும்ப நிரப்புவதை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். வடித்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே அளவு உள்ளே போகவில்லை என்றால் எங்கோ காற்று நிற்கிறது. முன்பக்கம் மேடாக வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது துணியோடு அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். சென்னையில் தண்ணீர் உறைந்துவிடும் என்ற பயமில்லை, ஆனால் துருவைத் தடுக்கவும் பம்ப் சீலுக்கும் கூலன்ட் அவசியம். 30 பங்கு கூலன்டுக்கு 70 பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். 50க்கு மேல் போனால் வெப்பம் கடத்தும் திறன் குறையும். பச்சையா, சிவப்பா, நீலமா என்பது சாயம் மட்டுமே. டப்பாவில் ஐ.எஸ். 5759 என்றோ ஜே.ஐ.எஸ். கே 2234 என்றோ தரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ரெடிமிக்ஸ் வாங்கினால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

இதெல்லாம் முடியும் வரை வண்டியை எடுக்க வேண்டியிருந்தால், முள் முக்காலைத் தாண்டியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். மே மாத வெயிலில் அது தண்டனைதான், ஆனால் ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர். அதற்கும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும், அப்போதும் தடித்த துணியைப் போட்டு முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, சீறல் அடங்கிய பிறகு முழுக்கத் திறக்க வேண்டும். வறண்டு கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் நல்ல ஹெட்டும் விரிசல் விடலாம்.

சோதனைகள் எல்லாம் கேஸ்கெட்டைத்தான் காட்டுகின்றன என்றால் மெக்கானிக் சொன்னது சரி, வேலையைச் செய்யத்தான் வேண்டும். அப்போதும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடச் சம்மதிக்காதீர்கள். சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். ஸ்டீல் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும், 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய வேண்டும், அதாவது பரப்பைச் சமமாகச் சீவ வேண்டும். பிளாக்கின் மேல்பரப்பையும் அதேபோலப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருக்கிறதா என்று லேத்திலேயே பிரஷர் டெஸ்ட் செய்து தருவார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கை அளவில் இறுக்குகிறேன் என்று சொல்லும் பட்டறை இந்த வேலைக்கு வேண்டாம். ஹெட் இறங்கியிருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிட்டால் கூலி ஒரு முறையோடு போகும். தண்ணீர் கலந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள். முதலில் சூடாக்கிய ஃபேன் குறையோ மூடிக் குறையோ அப்படியே இருந்தால் புதிய கேஸ்கெட்டும் நிற்காது, எனவே காகிதச் சோதனையை வண்டியை எடுக்கும்போது பட்டறையிலேயே செய்து பாருங்கள்.